கௌசிக்கு, மைக் பிடிக்கக் கற்றுக்கொண்ட நைனா எழுதுவது

என் செல்லமே, கௌசிம்மா,

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் நைனா எட்டாவதோடு நின்றவன். அந்த எட்டாவதிலும் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன். பஞ்சாயத்துக்கு மனு, ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் என்று எதுவானாலும் நீதான் எழுதிக் கொடுப்பாய். இப்போது உனக்கே எழுத வேண்டியிருக்கிறது. இதை யாரிடம் போய் எழுதித் தரச் சொல்வது?

நம் ஊர் நர்ஸம்மா இதை அச்சடித்து மலையில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். நான் பேசுவது உன்னோடுதான்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வருஷம் சாமை பரவாயில்லை. பலாதான் ஏமாற்றிவிட்டது. உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு உன் பெயர் வைக்கலாமா என்று கேட்டேன். உன் அம்மா பார்த்த பார்வையில் குட்டிகளுக்குப் பெயர் வைக்கிற யோசனையையே விட்டுவிட்டேன். இரண்டும் பெயரில்லாமல் திரிகின்றன.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. உன் நைனா இப்போது பேச்சாளர். மைக் பிடித்து, நூறு பேர் நடுவில் நின்று பேசுகிறவன். சிரிக்கிறாயா? சிரி. உன் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மலைக்குக் கீழே சந்தவாசல் ஊர்ச் சந்தையில் புளி விற்கும்போது என் வாய் எப்படி என்று உனக்குத் தெரியும். வாங்காமல் போகிறவனைக் கையைப் பிடித்து இழுக்கிற வாய். ஆனால் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, எழுந்து பேசு என்று சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் பெயரைச் சொல்லுங்கள் என்றதற்கு எழுந்து உன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் நான். வரும் வழியெல்லாம், "இன்னா கௌசல்யா, டீ குடிக்கறியா?" என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தாய்.

நீ அப்படி இல்லை. பேச்சுப் போட்டி என்றால் உனக்குத் திருவிழா. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் என்னை எதிரில் உட்கார வைத்துத்தான் ஒத்திகை. "நீ தூங்கிட்டா பேச்சு சரியில்ல நைனா. முழிச்சிக்கினு இருந்தா பரிசு எனக்குத்தான்" என்பாய். கொல்லைக்காட்டு வேலையிலிருந்து வந்த களைப்பில் இரண்டாவது நிமிஷமே குறட்டை விடுவேன். உனக்குக் கோபம் வராது. தட்டி எழுப்பி, "எந்த எடத்துல தூங்கின, சொல்லு" என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் மாற்றி எழுதுவாய்.

ஒருநாள் கேட்டேன்: "எனக்கும் கத்துக் குடு பாப்பா. அவ்ளோ பேர் முன்னாடி எப்பிடி பயமில்லாம பேசற?"

"பயம் இருக்கும் நைனா. யாராச்சும் ஒருத்தர் மூஞ்சியப் பாத்து, அவருகிட்ட மட்டும் பேசறாப்பல பேசணும். தெரிஞ்சத மட்டும் சொல்லணும். அளந்து வுட்டா கை நடுங்கும்."

"எனக்கு இன்னா தெரியும், பேசறதுக்கு?"

"புளி தெரியும். என்னத் தெரியும். போதாதா?"

உன்னை எனக்குத் தெரிந்ததா, கௌசி?

அந்த நாளை எழுதாமல் இந்தக் கடிதம் நகராது. உன் அம்மா சந்தவாசலில் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். நீயும் நானும்தான் வீட்டில். விடிந்ததும் பாயைச் சுருட்டப் போனாய். "நைனா, கையில இன்னாவோ சுருக்குன்னுச்சு. கறுப்பா ஒண்ணு சாம மூட்ட கீழ போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம் நைனா" என்றாய்.

நான் வேலிப் பக்கம் போய் சிறியாநங்கை இலையைப் பறித்து வந்தேன். என் அப்பன் எனக்குச் செய்தது, அவனுக்கு அவன் அப்பன் செய்தது. மென்று பார்த்துக் கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டது. இந்த மலையில் இது தெரியாதவர் யார்?

"கசக்குதா?"

"த்தூ! கசக்குது நைனா."

"அப்ப ஒண்ணும் இல்ல. எலி கடிச்சிருக்கும்" என்றேன். நிம்மதியாக ஆட்டுக்குத் தழை வெட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "வலிக்குது நைனா. போலாம் நைனா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். "இன்னிக்கி ஸ்கூல்ல பரீட்சையா?" என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கக்கூடப் பார்த்தாய். உன் இமை கீழே இறங்கிக்கொண்டே வந்ததை நான் தூக்கம் என்று நினைத்தேன். உன் பேச்சு குழறியபோதுதான் எனக்கு உறைத்தது. துண்டால் உன்னை என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியில் மலை இறங்கினேன். வளைவுக்கு வளைவு உன் தலை என் தோளில் முட்டியது. கடைசி இரண்டு வளைவில் அது முட்டிய விதம் வேறாக இருந்தது.

"கட்டுவிரியன் மாதிரி இருக்கு. கடிச்ச உடனே ஏன் கூட்டி வரல?" என்று டாக்டர் கேட்டார்.

உன் அம்மாவுக்குச் சொன்ன பதில் பொய். "தூக்கத்துலயே கடிச்சிருக்கு. நான் பாக்கறப்பவே நெனவு இல்ல" என்றேன். ஊரும் அதையே நம்பியது. இலையும் எலியும் பரீட்சையும் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. நீ யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாய்?

சில மாதம் கழித்து நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். "அண்ணா, பாம்பு கடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நான் சொன்னா, கவர்மெண்ட்டு பேசுதுன்னு நெனச்சிக்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. கிராம சபைல பேசுங்கண்ணா." நான் நழுவப் பார்த்தேன். உன் அம்மா சொன்னாள்: "பேசு. இன்னொரு வூட்ல இது நடக்கக் கூடாது." பொய்யைக் கேட்டவள் அவள், அதை நம்பி என்னை அனுப்பியவளும் அவள்.

என் முதல் பேச்சைக் கேள். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தேன். தேர்தல் நேரத்தில் கேட்ட தமிழ். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எங்கிருந்தோ "உங்கள் பொன்னான" என்று ஒன்று வந்தது. பொன்னான என்ன? அந்தச் சொல்லுக்குப் பின்னால் வாக்கு தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. "நன்றி, வணக்கம்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். நம் கடைசித் தெரு ஏழுமலை கூட்டத்திலிருந்து கத்தினான்: "அண்ணே, எந்த சின்னம்ணே?"

அதற்குப் பிறகுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அடுத்த ஊரில் மேடைத் தமிழை மூட்டை கட்டிவிட்டு, எதிரில் இருந்த ஒரு பெரியவர் முகத்தைப் பார்த்து, புளி விற்கிற மாதிரி பேசினேன். "பாம்பு கடிச்சா மொதல்ல ஆம்புலன்சுக்குச் சொல்லு. அப்பறமா மாமியாருக்குச் சொல்லு. மாமியார் நீ சொல்லாட்டியும் வந்துரும்." கூட்டம் குலுங்கியது. அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. மாமியார் கதை, குடிகாரனைக் கடித்த பாம்புக்குப் போதை ஏறிய கதை. மலை மேல் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள், கீழே கலசப்பாக்கம் பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. ஒரு கல்யாண வீட்டிலிருந்துகூட, "பாம்பு வேணாம்ணா, மத்ததெல்லாம் பேசுங்க" என்று கேட்டார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் நடுவில் ஒரு வரி சொல்வேன்: "என் பொண்ணத் தூக்கத்துலயே கடிச்சிருச்சு." உச்சுக்கொட்டுவார்கள். அடுத்த கதைக்குப் போய்விடுவேன். அளந்துவிட்டால் கை நடுங்கும் என்றாயே? எனக்கு நடுங்கவே இல்லை, கௌசி. நீ சொன்னது தப்பா, இல்லை நான் அவ்வளவு கெட்டுப்போனேனா?

பிறகு ஏழுமலையின் பெண்டாட்டியைப் புளி உலுக்கிய இடத்தில் பாம்பு கடித்தது. என் பேச்சுக்குத் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தவன் அவன். காலையில் கடித்ததற்கு மத்தியானம்தான் கொண்டுபோனான். பல நாள் மூச்சு மிஷினில் கிடந்து பிழைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, தொண்ட கிழியப் பேசினேனே. ஏன் நேரா வரல?"

"வரத்தான் இருந்தோம்ணே. எலயக் குடுத்துப் பாத்தோம். கசக்குதுன்னா. அப்பறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரின்னு வுட்டுட்டோம்."

"எலயக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கலாமா?"

"எலயப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியேண்ணே. மாமியார் கதையத்தான சொன்ன?"

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். இலையைப் பற்றி நான் ஏன் ஒரு ஊரிலும் வாய் திறக்கவில்லை என்பது எனக்குத்தானே தெரியும்? இலையை எடுத்தால் கூடவே நீ வருவாய். நீ வந்தால் உன் அம்மாவிடம் சொன்ன பொய் நிற்காது. ஒரு பொய்யைக் காப்பாற்ற, ஊரையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டம் நம் ஊரிலேயே, ரேஷன் கடைக்கு எதிரில். உன் அம்மா பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு பை நிறைய சிறியாநங்கை பறித்துக்கொண்டு போயிருந்தேன். "ஆளுக்கு ஒண்ணு எடுத்து மெல்லுங்க" என்று கொடுத்தேன்.

"இன்னாபா, வெத்தல பாக்கு வாங்கக் காசு இல்லியா?" என்றார் ஒருவர்.

"சக்கர வியாதிக்கி நல்லது, மெல்லுய்யா" என்றார் இன்னொருவர்.

"கசக்குதா?" என்றேன்.

"கசக்குது!" பிள்ளைகள் துப்பிவிட்டு ஓடினார்கள். ஒரே சிரிப்பு.

"யாருக்காச்சும் இனிக்குதா?"

"உன் வூட்டு எல இனிக்குமா?" மறுபடியும் சிரிப்பு.

"என் பொண்ணுக்கும் கசந்துச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒரு முகத்தைப் பார்க்கச் சொன்னாயே, நான் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் கை நடுங்கியது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தூக்கத்துல கடிச்சதுன்னு நான் சொன்னது பொய். அவ முழிச்சிக்கினுதான் இருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் நைனான்னு கேட்டா. நான் எலயக் குடுத்தேன். கசக்குதுன்னா. எலின்னு சொல்லிட்டேன். வெஷம் ஏறினவளுக்கும் கசக்குது. கேட்டுக்கோங்க. எலயக் குடுக்காதீங்க, கட்டு கட்டாதீங்க, கடிச்ச எடத்தக் கீறாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்டுங்க. என்ன மாதிரி ஒக்காந்து பாத்துக்கினு இருக்காதீங்க."

யாரும் கை தட்டவில்லை. நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா வாயில் மென்றுகொண்டிருந்த இலையை உள்ளங்கையில் துப்பினாள். அதை மூடிப் பிடித்தபடி எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வைத்தாள். அழுதாளா என்றுகூட எனக்குத் தெரியாது; நான் இருக்கும்போது அழவில்லை. ஐந்தாம் நாள் காலையில், அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தன தபா கேட்டா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "ரெண்டு தபா" என்றேன்.

விறகைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த வாரம் வேறு ஊருக்குக் கிளம்பி வண்டியை உதைத்தேன். புடவையை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். "எங்க?" என்றேன். "போ" என்றாள். அங்கேயும் முன்வரிசை. நான் இலையைக் கொடுத்தேன், சிரிக்க வைத்தேன், சிரிப்பை நிறுத்தினேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு என் பொண்ணு கேட்டா" என்றேன்.

"ரெண்டு தபா" என்றாள் உன் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. உன் குரல் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "ரெண்டு தபா கேட்டா. அதயும் சொல்லு."

சொன்னேன்.

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் வருகிறாள். முன்வரிசையில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்பதுபோல முழுவதையும் கேட்கிறாள். என்னை மன்னித்துவிட்டாளா? தெரியாது. நூறு பேர் முன்னால் பேசுகிற வாய்க்கு, இந்த ஒருத்தியிடம் அதைக் கேட்க இன்னும் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் மேல் ஊரில் ஒருவர், பாம்பு கடித்த தன் தாயை இலையைத் தேடாமல் நேராகக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார். நர்ஸம்மா போனில் சொன்னார். உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். பக்கத்து வீட்டில் என்ன என்று கேட்டதற்கு, ஒரு அம்மா பிழைத்த சந்தோஷம் என்று சொல்லிவைத்தோம்.

இந்த மலையில் நான் போகாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன, கௌசி. எல்லாவற்றுக்கும் போவேன். வண்டி ஏறாத ஊருக்கு இரண்டு பேரும் நடந்தே போவோம். மாமியார் கதையையும் சொல்வேன். சிரிக்க வைக்காமல் எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் உன்னிடம் வரும்போது ஒரு வார்த்தையையும் விடமாட்டேன். நீ இரண்டு தடவை கேட்டாய் என்பதை, உன் அம்மா எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், நானே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ கேட்டபோது எழுந்து கிளம்பாத,
உன் நைனா