டீக் ஹே

12 ஜூன் 2024
மழை. கடையில் ஒரு பெயிண்ட் டப்பாகூட நகரவில்லை. மத்தியானம் எங்கள் கணக்கைப் பார்க்கும் ஸ்ரீதர் வந்தார். உட்காரக்கூட இல்லை. “நீலாவதி அக்கா, உங்க ஜிஎஸ்டி நம்பரைக் கேன்சல் பண்ணிட்டாங்க.”

ஆய்வுக்கு வந்த அதிகாரி, இந்த முகவரியில் கடையே இயங்கவில்லை என்று எழுதிவிட்டாராம். அவர் வந்த அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் கார் நிக்கோபார் தீவில். குழாய்ச் சாமான் இறக்கப் போய், கடல் கொந்தளித்து, கப்பல் கிடைக்காமல் கிடந்தோம். பூட்டின கடை இல்லாத கடையா? இந்த டெலானிபூர் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்களே!

20 ஜூன்
நம்பர் இல்லாமல் கவர்மென்ட் கான்ட்ராக்டர் ஒருவரும் வாங்க மாட்டார். அவர்களை விட்டால் இந்தக் கடைக்கு வேறு பிழைப்பில்லை. கப்பல் டிக்கெட்டோடு வரி ஆபீசுக்குப் போனேன். ஆய்வுக்கு வந்த அதே அதிகாரி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஊபர் லிகியே.” மேலிடத்துக்கு எழுதிக்கொள் என்கிறார்.

3 ஜூலை
வரி ஆபீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கவே மெயின்லாண்டில் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறதாம். ஆபீசுக்குக் கட்டுப்படாததாம். ஸ்ரீதர் ஆன்லைனில் போட்டுக் கொடுத்தார். இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

29 ஜூலை
புகார், விளக்கம் கேட்டு இங்கே வரி ஆபீசுக்கே திரும்பி வந்திருக்கிறது. விளக்கம் எழுதப் போவது அதே அதிகாரி. தனி அமைப்பாம். தனி!

14 ஆகஸ்ட்
மெயின்லாண்டிலிருந்து போன். ஒரு பெண், ஹிந்தியில், மூச்சு விடாமல். ஆபீஸ் பரிசீலித்துவிட்டது, எல்லாம் விதிப்படிதான், “டீக் ஹே, மேடம்?” – சரிதானே என்கிறாள்.

“டீக் ஹே, ஜி.” வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது – கப்பல் டிக்கெட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

17 ஆகஸ்ட்
மெசேஜ். புகார் முடிக்கப்பட்டது, புகார்தாரர் திருப்தி தெரிவித்தார்.

திருப்தியா? யாருக்குடா திருப்தி? இந்த ஊர்ல டீக் ஹே சொல்லாம போனை வேற எப்படி வைக்கிறதாம்? மீன்காரர்கிட்ட, பக்கத்து வீட்டு பெங்காலி தீதிகிட்ட, எல்லார்கிட்டயும் டீக் ஹேதானே. சண்டை போட்டு முடிச்சாலும் டீக் ஹேதான். அந்தப் பொண்ணும் அவங்க வீட்டுக்கு அப்படித்தானே பேசி வைப்பா?

18 ஆகஸ்ட்
“திருப்தின்னு முடிச்சதை மறுபடி திறக்க மாட்டாங்க, அக்கா.” ஸ்ரீதர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். புது நம்பர் கேட்டால்? ஆய்வுக்கு வரப் போவது அதே ஆள்.

2 செப்டம்பர்
அந்த வார்த்தையை யாரிடமும் சொல்வதில்லை. பேசி முடித்ததும் பேசாமல் நிற்கிறேன். மீன்காரர் கோபமா என்று கேட்கிறார்.

11 நவம்பர்
மொபைல் கடை வைக்க சந்திரசேகர் என்பவர் வந்து பார்த்தார். இடம் மட்டும் போதுமாம், சாமான் வேண்டாமாம். அவர் போனதும் என் வீட்டுக்காரர், “குடுத்துடலாமா, நீலா?” என்று கேட்டார்.

“டீக் ஹே” என்றேன்.

அவர் எழுந்து போகவில்லை. சரி என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நானே எழுந்து ஷட்டரை இறக்கினேன்.