பெட்டியில் திறந்து வைத்த ஆறு கோவில்

ஐப்பசி 12, புதன்

காலையிலிருந்து மோடம் போட்ட வானம். துணி காயவில்லை. இடது முழங்கால் வலி. எட்டரைக்குக் கம்பெனி வேன் எல்லாம் போய்விட்டால் வேலம்பாளையத்தில் எங்கள் வீதி காலி. நானும் பக்கத்து வீட்டு நாயும்.

ஞாயிறன்று தேவியோடு பேசியது சரியில்லை. ஜெர்மனியில் இருந்து மகள் வாரம் ஒரு முறை கம்ப்யூட்டரில் கூப்பிடுகிறாள். முகம் பாதியில் நின்றுவிடுகிறது, வாய் திறந்தபடி. பேச்சு பின்னால் வருகிறது. எதிர்வீட்டுச் சம்பத்திடம் சொன்னேன். எம்பிராய்டரி டிசைன் போடுகிற தம்பி, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்தான். கீழ் வீட்டில் குடியிருக்கும் ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கம். எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேலை. புருஷன் மஸ்கட்டில்.

இரண்டு பேரும் சாயங்காலம் ஆறரைக்கு ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். சண்டையும் அப்போதே.

பிரவுசராம். இணையத்துக்குள் போகிற வாசல் அது. என் கம்ப்யூட்டர்ப் பெட்டியில் மூன்று இருக்கிறது. பெயர் எனக்கு நிற்காது. படத்தைப் பார்த்து நானே வைத்துக்கொண்டேன்: வட்டம், நரி, நீலம். நான் இத்தனை நாள் போய்வந்தது நீலம். பெட்டியோடு கூடவே வந்தது.

"ஏனுங்க்கா, இன்னுமா இதுல ஓட்டறீங்க? ஊரே வட்டத்துலதானுங்க ஓடுது. துணி வாங்கற பையரோட வெப்சைட்டு எல்லாம் அதுலதான் சொன்ன பேச்சு கேக்கும்" என்றான் சம்பத்.

"ஆமா, கேக்கும். மெமரி எம்புட்டு இருந்தாலும் தின்னுட்டு கேக்கும்" என்றாள் ஸ்டெல்லா. "பெரியம்ம, இது பழைய பெட்டி. நரிய போடுங்க. விளம்பரம் வராது. நீங்க எங்க போறீய வாறீயன்னு எவனும் பின்னாலயே வரமாட்டான்."

வயர் பார்க்கிறேன் என்று குனிந்தவள், நிமிர்ந்து திரையின் கீழ் ஓரத்தில் எதையோ அமுக்கிப் பார்த்தாள். சிரித்தாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிச் சம்பத்திடம், "எல்லாம் ஒங்க வட்டத்த போட்டா இன்னும் மோசமாத்தான் ஆவும்" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

எட்டு மணி வரை. வெங்காய போண்டா போட்டேன். பதினாறு. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாலு மாசத்துக்குப் பிறகு எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 13, வியாழன்

தூறல். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். பூக்காரி வரவில்லை.

வட்டத்தையும் நரியையும் திறந்து பார்த்தேன். புது இடம், அதனால் முதலில் சாமி. கோவில் பக்கம் எல்லாம் இப்போது நேரலையில் வருகிறது. நீலத்தில் மாசக்கணக்காக முருகனும் மாரியம்மனும் இருக்கிறார்கள். இன்று வட்டத்தில் பெருமாளும் ஈஸ்வரனும். நரியில் பிள்ளையாரும் ஆஞ்சநேயரும். தரிசனம் முடிந்தால் கீழே இறக்கி வைத்துவிடுவேன். மூடுவதில்லை. சாமி முகத்துக்கு நேராகப் பெருக்கல் குறியை அமுக்க மனசு வருமா? நடை சாத்த நான் யார்? பெட்டியையும் அணைப்பதில்லை, தூங்க மட்டும் வைப்பேன்.

நான் போட்ட மார்க்கு:

வட்டம் – வேகம். எல்லாக் கதவும் திறக்கும். ஆனால் எல்லாம் கேட்கிறது, பேர், ஊர், பாஸ்வேர்டு.

நரி – விளம்பரத்தைத் தடுக்கிறது. அது நல்லது என்கிறாள் ஸ்டெல்லா. எனக்குத் தெரியவில்லை. ஒரு முறை முழங்கால் தைலம் தேடினேன். அதிலிருந்து எங்கே போனாலும் "முழங்கால் வலிக்கிறதா?" என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. அதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

நீலம் – மெதுவு. ஆனால் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறது. அவரைக்காய் நறுக்கும்போது செய்தி படிக்கச் சொன்னேன். பெண் குரல். வீட்டுக்குள் ஒரு பேச்சுச் சத்தம்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். இதைச் சொன்னேன். சம்பத் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அக்கா, பிரவுசருக்கு மார்க்கு போடச் சொன்னா நீங்க மருமக பாக்கறீங்க!"

ஐப்பசி 14, வெள்ளி

விளக்கு. மாவிளக்கு இல்லை, நெய் தீர்ந்துவிட்டது.

ஸ்டெல்லா மறைவு ஜன்னல் என்று ஒன்று காட்டினாள். அதில் போனால் போன தடமே இருக்காதாம்.

"எதுக்கு கண்ணு அது?"

"நீங்க என்ன பாத்தீயன்னு யாருக்கும் தெரியாதுல்லா."

யாருக்குத் தெரியக் கூடாது? பிறகு தடம் இருக்கிற பட்டியலையும் காட்டினாள். நாள், மணி எல்லாம். போன மாசம் ஒரு செவ்வாய், மதியம் மூன்று பத்துக்கு ரசப்பொடி. மூன்றேகாலுக்குத் தேவி இருக்கிற ஊரில் மழையா. மூன்று இருபதுக்கு மறுபடி ரசப்பொடி. வேண்டாம், அழிக்காதே என்றேன். அந்த மதியம் நான் இந்த வீட்டில் இருந்தேன் என்பதற்கு இது ஒன்றுதான் எழுதி வைத்திருக்கிறது.

படம் இன்னும் திக்குகிறது. மூன்றிலும் அப்படித்தான். சம்பத், "பெட்டியில எதோ ஒண்ணு உள்ள ஓடிட்டே இருக்குதுங்க்கா, நாளைக்குப் பாக்கறேன்" என்றான். ஸ்டெல்லா கப்பைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தாள்.

நாளைக்கும் வருவார்கள்.

ஐப்பசி 15, சனி

காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கரண்ட் இல்லை, மாதாந்திர வேலை. ஆட்டுக்கல்லில் சட்னி. கை ஓய்ந்துவிட்டது.

கரண்ட் வந்து பெட்டியைப் போட்டேன். ஆறு சாமியும் போய்விட்டிருந்தது. ஆனால் பெட்டி ஓடிய ஓட்டம்! தொட்டால் திறக்கிறது. நான் பேசி நானே படம் எடுத்துப் பார்த்தேன், ஆற்றுத் தண்ணீர் மாதிரி போகிறது. கன்னத்து மரு கூடத் தெரிகிறது.

கை சும்மா இருக்குமா? சாமிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முருகன், பரவாயில்லை. மாரியம்மன் வந்ததும் படம் திக்க ஆரம்பித்தது. நாலாவதாக ஈஸ்வரன் வந்ததும் பெட்டியே தள்ளாடியது. ஆறாவது ஆஞ்சநேயர், பெட்டி மூச்சு வாங்கி நின்றது.

பனியன் வேஸ்ட் துணியால் திரையைத் துடைத்தேன். நரியும் இல்லை, வட்டமும் இல்லை. நான்தான்.

இதைச் சொன்னால் சரி செய்ய வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இரண்டு பேரும் எதற்கு வருவார்கள்?

ஆறரைக்கு வந்தார்கள். சொல்லவில்லை. பருப்பு வடை.

ஐப்பசி 16, ஞாயிறு

வெயில். ஒருபொழுது.

குளித்து, சூடம் காட்டி, ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொன்றாக மூடினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினேன். பதினொரு மணிக்குத் தேவி திரையில் வந்தாள். எவ்வளவு தெளிவு! கண்ணுக்குக் கீழே கருப்பு, பொட்டு இல்லை, பின்னால் காயப்போட்ட துணி.

"அம்மா, நல்லாத் தெரியறீங்க. யாரு சரி பண்ணுனாங்க?"

"அதுவாச் சரியாயிருச்சு சாமி."

சாப்பாடு, குளிர், முழங்கால், பத்திரிகை வந்த கல்யாணம். "சரிங்கம்மா, வெச்சிரட்டுங்களா?" மணி பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம். படம் நின்று நின்று வந்தபோது ஒரு மணி நேரம் ஆகும். தெரியுதா, கேக்குதா, இருங்க, இப்போ தெரியுதா. அதில் பாதி நேரம் அதுதான் பேச்சு. பேச்சென்று இருந்தது அவ்வளவுதான் போல. தெளிவாக இருந்தால் அவள் கண் என்னைப் பார்க்கவில்லை என்பதும் தெரிகிறது. பக்கத்தில் வேறு ஏதோ ஜன்னல் திறந்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் சம்பத் வாசலில் நின்றே கேட்டான். "எப்பிடிங்க்கா, பாப்பா மொகம் தெரிஞ்சுதுங்களா?"

"நின்னு நின்னுதான் வந்துச்சு தம்பி."

விரதத்தில் பொய்.

ஐப்பசி 17, திங்கள்

தூக்கம் சரியில்லை. விடிந்ததும் முக்குப் பிள்ளையார் கோவிலில் பூக் கேட்டேன். இரண்டு பொட்டலம் மடித்து வைத்தேன். ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளரளி. செவ்வரளி வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவது. பூசாரி மகள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். செவ்வரளி. இன்னொரு முறை கேட்கலாமா என்று பார்த்தேன். பிள்ளையார் முகம் சரியில்லை, வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா முதலில் வந்தாள், தனியாக. செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். ஆறு சாமி, நடை, பெருக்கல் குறி, நேற்றுச் சொன்ன பொய், எல்லாம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொத நாளே பாத்துட்டேன்லா பெரியம்ம. அன்னைக்கு ரெண்டு பேரு, மறுநாளே ஆறு பேரு, கீழ வரிசையா நிக்காவளே."

"பின்ன ஏங்கண்ணு சொல்லுல?"

"சொன்னா அன்னைக்கே முடிஞ்சிரும்லா. ஏழு மணிக்கு கீழ போய் நான் என்ன செய்ய? மஸ்கட்லருந்து அவிய போன் வர பத்தர ஆவும். செவுத்தப் பாத்துட்டு இருக்கணும்."

போண்டா மாவைக் கலக்கினேன். உப்பு கூடிவிட்டது.

கேட் சத்தம். சம்பத்தின் இருமல்.

"பெரியம்ம, சீக்கிரம்" என்றாள். மளமளவென்று முருகனிலிருந்து ஆஞ்சநேயர் வரை ஆறு பேரையும் திறந்துவிட்டாள். பிறகு நரியில் இன்னொரு பக்கம் திறந்தாள். அவள் ஊர் மாதா கோவில். ஜெபமாலை நடக்கிறது, சத்தமில்லாமல்.

"இவியளும் ஒரு ஓரத்துல இருக்கட்டும்."

எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்தாள். சம்பத் உள்ளே வந்து மவுஸை ஆட்டினான். அம்பு நகரவில்லை.

"நாஞ்சொல்லுல? இந்த நரியே ஆகாதுங்க்கா!"

"வட்டத்த மூடுங்க மொதல்ல" என்றாள் ஸ்டெல்லா.

ஐப்பசி 18, செவ்வாய்

மழை. வாங்க: வெங்காயம் இரண்டு கிலோ, கடலை மாவு, நெய், தைலம். பெட்டி இன்னும் சரியாகவில்லை.