மேன்மக்கள் என்று எழுதிய அட்டை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நம் இலத்தீன் அகராதியின் 'ஓ' எழுத்துச் சொல்லட்டைப் பெட்டி முடிந்தது. ஒப்திமாத்தேஸ் என்ற ஒரே சொல் பதினோரு நாள் என் உயிரை வாங்கிவிட்டது. 'மிகச் சிறந்த' என்ற சொல்லிலிருந்து பிறந்து, ரோமின் உயர்குடியினரைக் குறிப்பது. பெரும்பாலும் பன்மையில்தான் வருகிறது, ஒருமை அபூர்வம். கூட்டமாக நின்றால்தான் பெரிய மனிதர்கள் போலிருக்கிறது. ஆறாம் வேற்றுமைப் பன்மைக்கு இரண்டு வடிவங்கள், இரண்டையும் கொடுத்திருக்கிறேன். அட்டையில் முதலில் 'மேன்மக்கள்' என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பட்டத்தை நாம் ஏன் வழிமொழிய வேண்டும்? 'தம்மை மேலோர் என்று சொல்லிக்கொண்ட உயர்குடியினர்' என்று மாற்றினேன்.

முகப்பில் இருவர் பெயரும் வரும் என்றாயே, மறந்துவிடாதே. புத்தகம் இருந்தால்தான் உன் கல்லூரியில் எனக்கு வேலை கிடைக்கும். பிள்ளைகள் இருவருக்கும் சளி. நீ கடிதம் போட்டு எத்தனை நாளாயிற்று?

உன் வாலு

மார்ச் 19

என் செல்ல வாலுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. அந்த விளக்கத்தைப் படித்து அசந்துபோனேன், எனக்குத் தோன்றியிருக்காது. பெயர் விஷயத்தைப் பதிப்பகத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உன் குறிப்பு நோட்டுகளையும் அனுப்பிவிடு. பிள்ளைகள் கையில் கிடைத்தால் கப்பல் செய்துவிடுவார்கள். இருவருக்கும் என் முத்தம்.

அக்கா

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

அகராதியின் முதல் தொகுதியைக் கடையில்தான் பார்த்தேன். முகப்பில் உன் பெயர் மட்டும். முன்னுரையில், அட்டைகளை அடுக்க உதவிய தங்கைக்கு நன்றி. அதையும் விழுங்கிக்கொண்டு போன வாரம் உன் கல்லூரிக்கு நேர்காணலுக்கு வந்தேன்.

ஒப்திமாத்தேஸ் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். முதல்வர் உன் புத்தகத்தைப் புரட்டினார். "அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்களேம்மா" என்றார். "நான் எழுதினது சார்" என்றேன். அடுத்த அறையிலிருந்து உன்னைக் கூப்பிட்டார்கள். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்ன வயசிலேயே நான் செஞ்சதையெல்லாம் தான் செஞ்சதா சொல்லிக்குவா சார். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாய். கூடவே சிரித்தாய். மறுத்துக் காட்ட என்னிடம் ஒரு நோட்டுகூட இல்லை. வேலை போயிற்று.

ஒன்றுமே நடக்காதது போல, 'பி' பெட்டி எப்போது வரும் என்று கேட்டு நீ எழுதிய கடிதம் இன்று வந்தது. வராது. இரண்டாம் தொகுதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

அன்று வராந்தாவில் அரைமணி நேரம் நின்றேன், நீ வந்து ஒரு வார்த்தை பேசுவாய் என்று. வந்திருந்தால் மன்னித்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்கை