பாய்ஜான் கொடுத்த ரத்தம்

என்னங்க, உங்களைத்தான். கொஞ்சம் காது கொடுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஆனால் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் இன்றைக்கு ஒரு நாள் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் டேனரியில் தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே செக்‌ஷனில் வேலை பார்த்து, மஜ்ஜை வற்றிப்போகிற நோயில் இறந்துபோன அன்வருக்கு அவர் மனைவி எழுதுவது இது.

வீட்டில் எல்லோரும் சுகம். டி.வி. வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பார்க்கத் தெருவே நம் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் தைரியசாலி என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது எனக்கு. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன்.

முதன்முதலில் ஆம்பூர் டாக்டர் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னபோது உங்கள் அண்ணன், அதுதான் நம் பாய்ஜான், என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "நம்ம ரத்தம் இருக்கறப்போ எவன் ரத்தமோ எதுக்கு?" நம் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வெளியாள் ரத்தம் வாங்கினால், வீட்டில் ஆம்பிளைகள் இல்லையா என்று கேட்கிற ஊர் இது. ஒவ்வொரு முறையும் அவரே போய்ப் படுத்தார். உங்கள் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு அவர் தோல் மண்டியில் எல்லோருக்கும் டீ.

அப்புறம் வேலூருக்குப் போனோம். அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்கள். "ஒடம்பக் காவல் காக்கற அணுக்கள் ரத்தத்துல இருக்கு. அதுங்க ஜாஸ்தி ஆடாம, போதும் அடங்குன்னு சொல்றதுக்கு இன்னொரு வகையும் இருக்கு. இவருக்கு அந்த அடக்கற அணுக்கள் மஜ்ஜையையே அடக்கிடுச்சுன்னு நெனைக்கறோம். புது ரத்தம் ஊறாததுக்கு அதான் காரணம்."

"ஸ்ப்ரே மருந்துனாலயா டாக்டர்?" என்று கேட்டீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "இத்தன வருஷமா நீ சொல்லி அடங்காதவன், இன்னாத்துக்கு அதுங்க சொல்லி அடங்கினேன்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்கள்.

கூடப் பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் அதை எடுத்து உங்களுக்கு ஏற்றலாம் என்றார்கள். பாய்ஜானின் மஜ்ஜை உங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த நாளில் வீடே பெருநாள் மாதிரி இருந்தது. டாக்டரம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்கள். "கூடப் பொறந்தவங்க யாராவது இவருக்கு ரத்தம் குடுத்திருக்காங்களா?"

பாய்ஜான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே முன்னால் வந்தார். "நான்தான் டாக்டர். வேற யாரையும் உடவே இல்ல."

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். பாய்ஜான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அவர் டீ குடிக்கப் போன பிறகுதான் நம் இரண்டு பேரிடமும் சொன்னார்கள். பலமுறை ஏறிய அண்ணன் ரத்தத்தை உங்கள் உடம்பு வேற்று ரத்தம் என்று அடையாளம் கண்டு வைத்திருக்கும். அதே அண்ணனின் மஜ்ஜை உள்ளே வந்தால் விரட்டப் பார்க்கும். நிச்சயமாக அப்படித்தான் ஆகும் என்று இல்லை, வேறு வழியும் இல்லை, செய்து பார்ப்போம் என்றார்கள். செய்தார்கள். மஜ்ஜை பிடிக்கவில்லை.

"பாய்ஜானாண்ட சொல்லிடாத நசீமா. மனுஷன் ஒடைஞ்சி போய்டுவாரு" என்றீர்கள். என் கையை உங்கள் கைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினீர்கள்.

நீங்கள் போன பிறகு வருகிறவர்களிடம் எல்லாம் அவர், "என் ரத்தந்தான் அவன அவ்ளோ நாள் ஓட்டிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவும் பொய் இல்லையே? அந்த ரத்தம் இல்லாவிட்டால் வேலூர் வரைக்கும் நீங்கள் வந்திருக்கவே மாட்டீர்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் பக்கத்துத் தெரு சாந்திக்கு உங்களுக்கு வந்த அதே நோய் என்று சொல்லிவிட்டார்கள். ஷூ கம்பெனியில் அடிப்பகுதி ஒட்டுகிற பெண், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அண்ணன்கள் இரண்டு பேரும் யோசனை கேட்டு நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பாய்ஜான் கொஞ்சமும் தயங்கவில்லை. "காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடுங்க. நானும் வர்றேன். வெளி ரத்தம் வாணாம். ரெண்டு அண்ணனுங்க இருக்கீங்க, இன்னா கொறச்சல்?"

நான் உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர்கள் போனதும் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் எதிரில் நின்று பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அவங்க குடுக்கக் கூடாது, பாய்ஜான். வெளியாள் ரத்தந்தான் ஏத்தணும்."

"யார் சொன்னது?"

"வேலூர் டாக்டரம்மா. கூடப் பொறந்தவங்க ரத்தம் ஏத்திட்டா, பின்னால அவங்க மஜ்ஜை பிடிக்காம போகுமாம்."

"நான் குடுத்தனே?"

கொண்டுவந்த டீயை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். டீ ஆறிப்போயிற்று. நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

விடிந்ததும் அவரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சாந்தியின் அம்மா வந்து சொன்னாள். "பஸ்ஸாண்டயே பையனுங்கள நிறுத்திட்டாரும்மா. நான் குடுத்து என் தம்பிக்கு ஆவல, நீங்க குடுக்காதீங்கன்னாரு. பாதியில பேச்சே வரல அவருக்கு." மண்டியில் தோல் தரம் பிரிக்கிறவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிவிட்டாராம். அவர்கள் ரத்தம்தான் சாந்திக்கு ஏறியது.

இப்போது குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற ஒரு மருந்து வந்திருக்கிறது. மஜ்ஜையை அடக்குகிற அந்த அணுக்களையே அது அடக்குமாம். சாந்திக்கு அதைத்தான் போடுகிறார்கள். கேட்குமா கேட்காதா என்று தெரியச் சில மாதம் ஆகும். கேட்காவிட்டால் அண்ணன்களின் மஜ்ஜை இருக்கிறது, பொருந்தினால் அது பிடிக்க இன்னும் வழி இருக்கிறது. உங்களுக்கு அந்த மருந்து கிடைத்திருந்தால் என்று நினைக்கிறேன். நினைத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, போய் அரிசி களைகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து பாய்ஜான் கேட்டார். "அன்வருக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சிமா கடைசி வரைக்கும் என் கையப் புடிச்சிகினு இருந்தான்?"

ஆமாம் என்றேன். அவர் குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அழ வரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார். "இனிமே யார் வீட்லயாவது இப்படின்னு கேள்விப்பட்டா நீயும் கூட வந்துடும்மா. எனக்கு நடுவுல பேச்சு நின்னுடுது."

போகிறேன், என்னங்க. எந்த வீடாக இருந்தாலும் அவரோடு போகிறேன். அவர் பேச்சு நிற்கிற இடத்திலிருந்து நான் சொல்கிறேன்.

உங்கள் பீவி,
பாய்ஜானுக்குத் தம்பி மனைவி,
நசீமா