மஸ்கட் – சென்னை: நூல் கணக்கு

12-2-06, ஞாயிறு
காலையில் பனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். மழையில் கரைந்த வரப்பு எல்லாம் போட்டாயிற்று. கயிறு பிடித்துப் பாத்தி அளந்தேன். மேஸ்திரி அளந்தால் மறு அளவு இல்லை என்று உப்பளத்தில் எனக்கொரு பேர்.

டெலிபோன் பூத்துக்கு மாப்பிள்ளை போன், மஸ்கட்டிலிருந்து. மகள் கலாவுக்கு எட்டாம் மாதம், கொஞ்சம் ரத்தக்கொதிப்பு. நாலு மணி நேரத்துக்குள் என்றால் விமானத்தில் வரலாம், அதற்கு மேல் கூடாது என்றாராம் டாக்டரம்மா. இந்த வாரத்தை விட்டால் ஏற்றிக்கொள்ளவும் மாட்டார்களாம். இருவரும் போனது பம்பாய் சுற்றி. நேர் விமானம் பழக்கமில்லை. டிக்கெட்டில் 9.40 – 2.40 என்று இருக்கிறதாம். "எவ்ளோ நேரம்னு நீங்க பாத்து சொல்லுங்க மாமா" என்றார்.

13-2, திங்கள்
கலாவின் பள்ளிக்கூட அட்லஸ். மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு நூல் பிடித்து, கீழே இருக்கும் அளவுகோலில் வைத்தேன். 2600 கி.மீ. விமானம் மணிக்கு 800 போகும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். மூணே கால் மணி. பெற்றவளாயிற்றே, வள்ளிக்கு ஒரே சந்தோஷம். உள் அறைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறப்போட்டுவிட்டாள்.

சாயங்காலம் சந்தேகம். 9.40-க்கு ஏறி 2.40-க்கு இறங்கினால் ஐந்து மணி நேரமாயிற்றே. ரயில் கணக்குப்படி பார்த்தால் ஐந்துதான். விமானம் எங்கேயாவது சுற்றி வரும் போல. டிக்கெட்டிலேயே போட்டிருக்கும்போது நூலாவது ஒன்றாவது.

14-2
வேண்டாம், அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கலா போனை வாங்கி "சரிப்பா" என்றாள். அழுதாளோ என்னவோ, லைன் சரியில்லை. தலைப்பிரசவம், அம்மா வீட்டில் நடக்கப்போவதில்லை. வள்ளி சாப்பிடவில்லை. உயிர்தான் முக்கியம் என்று நான்தான் சமாதானம்.

சுண்ணாம்பு அப்படியே கிடக்கிறது.

2-3-06, வியாழன்
கோட்டக்குப்பம். பஷீர் பாய் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறார், ஞாயிறு திரும்புகிறார். கலாவுக்கு ஏதாவது கொடுத்தனுப்பலாமா என்று கேட்கப் போனேன். தாராளமாக என்றார். டீ, பிஸ்கட்.

அவர் கடிகாரத்தில் மணி இரண்டு. என்னுடையதில் மூன்றரை. பத்து நாள் லீவுக்கு எதற்கு மாற்றுவது என்று அங்கத்திய நேரத்தையே விட்டுவைத்திருக்கிறார். வந்தது அதே 9.40 விமானம். ஐந்து மணி நேரம் உட்கார்வது கஷ்டம்தான் என்றேன்.

"அஞ்சு எங்கங்க? மூணரைதான். ஏறுற எடத்துல அந்த ஊரு டைம், எறங்குற எடத்துல நம்ம ஊரு டைம் போட்டிருப்பான்."

போன் செய்யும்போதெல்லாம் அங்கே என்ன நேரம் என்று ஒன்றரை மணி கழித்துப் பார்த்துத்தான் செய்கிறேன். இதில் மட்டும் புத்தி எங்கே போயிற்று. நூல் சரி. நான்தான் தப்பு. ஏற்றிக்கொள்ளும் தேதியும் போயிற்று.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட் இருந்தது. வள்ளியிடம் சொல்லவில்லை.

4-3, சனி
வெயில் கடுமை. முதல் உப்பு வாரினோம், நல்ல வெள்ளை.

பாயிடம் கொடுக்க வள்ளி பிரசவ லேகியம் கிண்டியிருந்தாள். டப்பாவைத் துணியில் கட்டிக்கொண்டே, விமானத்தில் எவ்வளவு நேரம் இருக்கும், நெய் உருகி வழியுமா என்று கேட்டாள். ஐந்து என்றே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மூன்றரை என்றேன்.

கை நின்றது.

"அன்னிக்கி அஞ்சுன்னீங்களே?"

தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்றேன். டிக்கெட்டில் இருப்பது இரண்டு ஊர் நேரம் என்பதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு முடிச்சைப் போட்டாள்.

"அப்போ எம்பொண்ணு இப்ப இங்க இருந்திருப்பா."

ஆமாம் என்றேன்.