பின் சக்கரம் உரசும் சத்தம்

மச்சான்,

போன வாரம் விமான் நகரில் என் மானம் போனது. மகளுடைய புது காரில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ஆபீஸ் வாசலை நெருங்கும்போது, இடது பின் சக்கரத்துப் பக்கமிருந்து சர்... சர்... என்று சத்தம். "நிறுத்தும்மா!" என்று கத்தினேன். அவள் ஓரங்கட்டியதும் குதித்து இறங்கி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தலையை விட்டுப் பார்த்தேன். குனிந்த வேகத்தில் பேண்ட் பின்னால் பிளந்துகொண்டது. வாட்ச்மேன் ஓடிவந்து, "காகா, காய் ஷோத்தாய்?" என்றான். என்ன தேடுகிறேன் என்று மராத்தியில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே எனக்கு வரவில்லை.

அடியில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது. அவ்வளவுதான்.

"அப்பா, உங்க பழைய அம்பாசடர் மாதிரி இந்தக் கார்ல லீஃப் ஸ்பிரிங்கே கிடையாது. உள்ள வாங்கப்பா, என் டீம் முழுக்க ஜன்னல்ல நிக்கறாங்க" என்றாள். கிழிசலைக் கையால் மூடிக்கொண்டு ஏறினேன்.

கிழிசலை என் பெண்டாட்டி அன்றைக்கே தைத்துவிட்டாள். சத்தம்தான் நிற்கவில்லை. நீ போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மிக்சி ஓடினாலும் கேட்கிறது, பக்கத்து வீட்டில் நாற்காலியை இழுத்தாலும் கேட்கிறது. தூக்கம் கலைந்து எழுந்து, கட்டில் காலை ஒருநாள் தொட்டுப் பார்த்தேன் என்றால் நீ சிரிப்பாய்.

தொண்ணூற்றேழில் அந்தக் கறுப்பு அம்பாசடரை வாங்கியபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. தாபோடியில் நம் லைன் வீடுகளில் காரோடு இருந்தவன் நான் ஒருத்தன்தான். ஃபேக்டரி ஸ்டோரில் பெட்டி எண்ணுகிறவனுக்கு, எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தரம் எழுதியவனுக்கு, கார்! கம்பீரமாகத் தெரியட்டும் என்று அகல டயர் நாலு மாட்டினேன். நீ டூட்டி முடிந்து சைக்கிளில் வந்தவன், ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தாய்.

"என்ன மாப்ளே, வண்டிக்கு யானைக்கால் வந்துருச்சா?"

நான் மட்டும் போனால் சத்தமில்லை. பின்னால் ஆள் ஏறினால் இடது டயர் உரசியது. என் மாமியார் உட்காரும் பக்கம் அதுதான். "அத்தை ஏறினாத்தான் வண்டி அழுது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அது அவர் காதுக்கும் போனது. ஒரு மாதம் பஸ்ஸில்தான் வந்தார்.

மட்கார்டு விளிம்பைச் சுத்தியலால் உள்ளே மடக்கிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். நான் சுத்தியலோடு நிற்கும்போது நீ வந்து பிடுங்கினாய். "டயரு ஏன் அங்க போச்சுன்னு பாக்காம தகரத்தப் போட்டு அடிக்கிறியே, அது என்ன பாவம் பண்ணுச்சு?" ஒரு நூலை எடுத்து, முன் சக்கரத்து நடுவிலிருந்து பின் சக்கரத்து நடு வரைக்கும் வலது பக்கம் அளந்து முடிச்சுப் போட்டாய். அதே நூலை இடது பக்கம் பிடித்தபோது, ஒரு விரல் அகலம் போதவில்லை. இடது பக்கம் மட்டும் அச்சு பின்னால் நகர்ந்திருந்தது. வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளை ஊடுருவி அச்சைப் பிடித்து வைக்கிற நடு போல்ட் உள்ளே முறிந்திருந்தது. நான் பார்த்தது டயரை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ அடியில் கிடந்தாய். நடு போல்ட்டை நீயே லேத்தில் கடைந்து கொண்டுவந்திருந்தாய். அந்தப் பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கவ்வும் இரண்டு யூ போல்ட்டும் புதிது. பழைய ஒல்லி டயர்களையே திரும்ப மாட்டச் சொன்னாய். முழு இறுக்கம் மட்டும் ஜாக்கியில் நிற்கும்போது கொடுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, என்னைப் பின் பம்பரில் ஏறிக் குதிக்கச் சொன்னாய். லைனே வேடிக்கை பார்த்தது. நான் குதித்துக் குதித்து மூச்சு வாங்கிய பிறகுதான் ஸ்பேனரில் பைப்பைச் சொருகிக் கடைசி இறுக்கு இறுக்கினாய்.

"மாப்ளே, புது இரும்பு ஓடி ஓடித்தான் உக்காரும். நூறு கிலோமீட்டர் போனதும் யூ போல்ட்டோட இந்த நாலு நட்டையும் மறுபடி இறுக்கணும், இல்லேன்னா தளர்ந்து நடு போல்ட் திரும்ப முறிஞ்சிரும். எனக்கு அடுத்த வாரம் முழுக்க செகண்ட் ஷிஃப்ட். நீ பண்ணிருவியா?"

"இது என்ன பெரிய வித்தையா? பண்ணிர்றேன்."

நூறு கிலோமீட்டர் ஓடியது. ஞாயிறும் வந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தேன். அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச் வேறு. சத்தம் இல்லாத வண்டிக்கு அடியில் எதற்குப் படுப்பது? உன் கை பட்ட வேலை அசையுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பலுக்கு உன் மேல் இருந்த மரியாதை நல்ல சாக்காக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தி, "இறுக்கிட்டியா?" என்று கேட்டாய். "அப்பவே!" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து உன் மகளுக்கு சாத்தாராவில் பையன் அமைந்தான். சம்பந்தம் பேசி அவன் வீட்டில் கை நனைக்கப் போனோம். நான் ஓட்ட, நீ பக்கத்தில். பின்னால் இடது ஓரத்தில் உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அவளோடு அவளுடைய அக்காமார் இரண்டு பேர், மடியெல்லாம் பழத்தட்டு. கம்பாட்கி மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து வரும்போது உனக்குத்தான் முதலில் கேட்டது.

"மாப்ளே, உரசுது. நிறுத்து."

"ரோடு அப்படி மச்சான். கீழ போய்ப் பாத்துக்கலாம்."

எனக்கும் கேட்டது. கேட்காத மாதிரி ஓட்டினேன். இரண்டு வளைவு தாண்டியதும் டயர் வெடித்தது. வண்டி ஓரச் சுவரில் இடித்து நின்றது. ரோடெல்லாம் ஆரஞ்சுப் பழம். தங்கச்சி வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்கொண்ணுமில்ல, தட்டு கொட்டிருச்சே" என்று அழுதாள்.

நீ அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாய். நட்டு நாலும் விரலாலேயே சுற்றின. நடு போல்ட் மறுபடி இரண்டு துண்டு. என்னைப் பார்த்து, கோபமில்லாமல், கணக்குச் சரிபார்க்கிறவன் போலக் கேட்டாய்.

"நூறு கிலோமீட்டர்ல மறுபடி இறுக்கினேல்ல?"

"இறுக்கினேன் மச்சான்."

நீ தலையாட்டினாய். ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. "அப்ப என் போல்ட்டுதான். இரும்பு தேர்ந்தெடுத்ததுல பிசகிட்டேன். என் கைதான் தப்பு" என்றாய்.

பையன் வீட்டார் நல்லவர்கள். ஆஸ்பத்திரிக்கே வந்து சம்மதம் சொன்னார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. தங்கச்சியின் மணிக்கட்டு மட்டும் நேராகக் கூடவில்லை. அவள் சப்பாத்தி இடும்போது நீ அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பேப்பரை விரித்துக்கொள்வாய். ஸ்கூட்டர், மோட்டார், தையல் மெஷின் என்று எதைக் கொண்டுவந்தாலும், "என் கை சரியில்லப்பா, வேற ஆளப் பாரு" என்று அனுப்பினாய். தாபோடியில் எந்த இரும்புக்கும் கடைசி வைத்தியன் என்று பேர் எடுத்தவன் நீ. ஃபேக்டரியிலும் அளவு போடுகிற வேலையை ஒன்றுக்கு மூன்று தரம் பார்க்க ஆரம்பித்தாய். ஃபோர்மேன் கிண்டல் செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன மனிதன் நான், பார்.

காரை விற்றேன். வாங்கியவனிடம் மட்டும், "நட்டை அடிக்கடி பாத்துக்கப்பா" என்று நாலு தரம் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை யாரிடமோ சொன்னேன்.

சர்க்கரை வியாதி உன்னைப் படுக்கையில் போட்ட பிறகு தினமும் சாயங்காலம் வந்தேன். நீ ஆளே பாதியாகியிருந்தாய். கடைசி வாரத்தில் ஒருநாள், விரல்களை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"மாப்ளே, அந்த போல்ட்டுல நான் என்ன தப்பு பண்ணேன்? எத்தனையோ தரம் மனசுக்குள்ளயே கடைஞ்சு பாத்துட்டேன். இன்னும் பிடிபடல. உனக்கு ஏதாவது தோணுதா?"

தங்கச்சி அப்போது டீயோடு வந்தாள். கோணின மணிக்கட்டுக்கு மறு கையைத் தாங்கல் கொடுத்துத் தம்ளரை நீட்டினாள். "எடுத்துக்கங்கண்ணே, ஆறிடப்போவுது" என்றாள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பழசையெல்லாம் விடு மச்சான்" என்றேன். நீயும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் போல்ட்டில் ஒரு பிசகும் இல்லை, மச்சான். அந்த நட்டுகளை நான் தொடவே இல்லை.