தனபாக்கியத்துக்குத் தைத்த பயறுப் பை

நவம்பர் 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர். பாகூரிலிருந்து நடை.

தனபாக்கியத்துக்குத் தையல் பிரித்தாயிற்று. புதுச்சேரியில் இடது மார்பை எடுத்து மூன்று வாரம். புண் சுத்தம். கைதான் தோளுக்கு மேலே எழும்பவில்லை. சுவரில் விரல்களை ஏற்றச் சொல்லி, எட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டேன். தினமும் அதைத் தாண்ட வேண்டும்.

கிளம்பும்போது அவள் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். "கட்டின்னு மட்டும்தான் சொல்லி வெச்சிருக்கோம் நர்சம்மா. புத்துநோய்னு தெரிஞ்சா அப்பவே உயிர வுட்டுடுவா."

தலையாட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினேன்?

நவம்பர் 8, வியாழன்

வாங்க வேண்டியவை: பஞ்சு, ஸ்பிரிட், மண்ணெண்ணெய். குடை ரிப்பேர்.

கோடு இரண்டு விரல் ஏறியிருக்கிறது. ஆனால் தனம் வெளியே வருவதில்லை. ரவிக்கை ஒரு பக்கம் தொங்குகிறதாம். பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தது கழுத்துக்கு ஏறிக்கொள்கிறது. கனம் வேண்டும். நேற்று என் சமையலறையில் கடுகு, கேழ்வரகு, அரிசி எல்லாம் பையில் போட்டுப் பார்த்தேன். பச்சைப்பயறு தேவலை. இரண்டு கைப்பிடி, மேலே பஞ்சு.

போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். தெருக்கதவு வரை போய் நின்றாள். எனக்கு ஒரே பெருமை.

உடனே கேட்டாள், கட்டியைத்தான் எடுத்தாகிவிட்டதே, 16ஆம் தேதி மெட்ராஸில் கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைப்பது எதற்கு என்று. உடம்பு கருகிப்போகுமாம், யாரோ சொன்னார்களாம். டாக்டர் சொன்னால் கேட்க வேண்டாமா என்றேன். போகவே மாட்டேன் என்கிறாள். போகாவிட்டால் நோய் மறுபடி வரலாம். அதைச் சொல்ல நோயின் பேரைச் சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 12, திங்கள்

நாலு நாளாக விடாத மழை. வீட்டுக்காரரே வந்து அழைத்துப்போனார். தனம் உள்ளறையில், மடியில் பை. உப்பியிருந்தது. தொட்டால் முண்டுமுண்டாக.

"வெட்டி எடுத்தும் வுடல பாரும்மா. துணியில ஏறிக்கிச்சு."

ஒரு நிமிஷம் எனக்கே திக்கென்றது. விசாரித்தால், வெள்ளிக்கிழமை பையைத் துவைத்திருக்கிறாள். கொழுந்தன் நடமாடுகிற வீடு, கொடியில் போட முடியுமா? அறை மூலையில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருக்கிறாள். என் உள்துணியும் அப்படித்தான் காய்கிறது. துவைக்காதே என்று சொல்லத் தோன்றவில்லை, மடச்சி எனக்கு.

கத்தரியால் தையலைப் பிரித்தேன். பயறு முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"இது பயிறுன்னு பிரிச்சு காட்டிட்ட. என்கிட்டேர்ந்து எடுத்தது இன்னான்னு சொல்லு."

அறை வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். பேரையும், கரண்ட் எதற்கு என்பதையும். கொஞ்ச நேரம் முளைகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் போகச் சொன்னாள்.

நவம்பர் 14, புதன்

போனேன். தனம் தூங்குகிறாள் என்றார் வீட்டுக்காரர், கதவை மறித்து. காலை பத்து மணிக்கு என்ன தூக்கம்?

சொன்னது தப்பா? சொல்லாமல் விட்டாலும் தப்பு. இரண்டும் தப்பென்றால் நான் என்னதான் செய்திருக்க வேண்டும்? பயிற்சியில் கட்டுப்போடத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

நவம்பர் 16, வெள்ளி

வெயில். சைக்கிள் சரியாயிற்று.

பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பார்க்கத் தைரியமில்லை. பத்து மணிக்கு வீட்டுக்கே போனேன். கொழுந்தன் மட்டும் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணனும் அண்ணியும் மொத பஸ்லயே மெட்ராஸ் போய்ட்டாங்க. கரண்ட் வெச்சிக்கினு வரேன்னு அண்ணியே சொல்லிட்டுப் போனாங்க."

அப்பாடா. உடனே அடுத்த கவலை, பை இல்லாமலா போனாள்?

வாசல் கொடியில், வேட்டிகளுக்கு நடுவே, தெருவைப் பார்த்தபடி காலிப் பை. மேலே ஒரு துணியும் இல்லை. கொழுந்தன் அதன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என் கை தானாக ஒரு வேட்டியை அதன்மேல் இழுத்துவிடப் போனது.

இழுக்கவில்லை. வந்துவிட்டேன்.